பச்சை மேசை – 9: டிங்கின் ஆண்டு, டில்லியின் வாரம்

புது டில்லி, லெ மெரிடியன் ஹோட்டல், 2013 அக்டோபர் 18. இந்தியன் ஓப்பன் ஸ்னூக்கர் போட்டியின் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் சீனாவின் டிங் ஜுன்ஹுய். எதிரே மும்பைக்காரர் ஆதித்யா மேத்தா. மொத்தம் ஒன்பது ஃபிரேம். முதலில் ஐந்து ஃபிரேமை எடுப்பவருக்குக் கோப்பையும் 50,000 பவுண்டும். டிங் ஒரு ஃபிரேமைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. 5–0 என்று முடித்துவிட்டார்.

ஸ்கோரை மட்டும் பார்த்தால் மறந்துவிட வேண்டிய ஆட்டம்தான். ஆனால் இந்திய ஸ்னூக்கரின் கதையை எழுத உட்கார்ந்தால் அந்த வெள்ளிக்கிழமையைத் தாண்டிப் போக முடியாது. உலகத் தொழில்முறை சுற்றின் தரவரிசைப் போட்டி ஒன்று இந்திய மண்ணில் நடந்தது அதுவே முதல் முறை. தரவரிசைப் போட்டி ஒன்றின் இறுதி ஆட்டம்வரை ஓர் இந்தியர் வந்ததும் அதுவே முதல் முறை. இரண்டும் ஒரே வாரத்தில் நடந்தன. இது தற்செயல் அல்ல. ஏன் என்பதைத்தான் இந்தப் பகுதி சொல்லப்போகிறது.

தொடரை இடையில் படிக்கத் தொடங்கியவர்களுக்காக இரண்டு வரி. 1875-ல் ஜபல்பூர் ராணுவ மெஸ்ஸில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி பில்லியர்ட்ஸ் மேசையில் வண்ணப் பந்துகளைச் சேர்த்து ஆடிப் பார்த்தார். 1882-ல் ஊட்டி கிளப்பில் அந்த ஆட்டத்தின் விதிகள் எழுதி மாட்டப்பட்டன. பிறகு அது கல்கத்தா வழியாக இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. பிறந்த நாட்டுக்கு அதன் பெரிய தொழில்முறைப் போட்டி திரும்பி வர 138 ஆண்டுகள் ஆயின.

அமெச்சூர் அரசர்கள்

அதற்காக, இந்தியா கியூவைக் கையில் எடுக்காமல் இருந்துவிடவில்லை. வில்சன் ஜோன்ஸ் 1958-ல் கல்கத்தாவிலும் 1964-ல் நியூசிலாந்திலும் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்றார். எந்த விளையாட்டிலும் தனிநபர் உலகப் பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவர்தான். அவருக்குப் பின் மைக்கேல் ஃபெரைரா, கீத் சேத்தி என்று வரிசை நீண்டது. ஸ்னூக்கரில் ஓம் பிரகாஷ் அகர்வால் 1984-ல் டப்ளினில் உலக அமெச்சூர் சாம்பியன் ஆனார். பெங்களூரில் வளர்ந்து, அரவிந்த் சவூரிடம் பயிற்சி பெற்ற பங்கஜ் அத்வானி 2003-ல் சீனாவில் அதே பட்டத்தை வென்றபோது அவருக்கு வயது 18.

இத்தனை உலகப் பட்டங்கள் இருந்தும் தொழில்முறை ஸ்னூக்கரில் இந்தியப் பெயர் எழும்பவில்லை. 1989-ல் ஆசிய சாம்பியனான யாசின் மெர்ச்சன்ட் 1990-களில் அங்கே இறங்கிப் பார்த்தார். வேறு சிலரும் முயன்றார்கள். ஆனால் யாரும் நிலைக்கவில்லை. திறமைக் குறைவு இதற்குக் காரணம் அல்ல.

அமெச்சூர் உலகப் போட்டி என்பது ஆண்டுக்கு ஒரு முறை பத்துப் பதினைந்து நாள் ஆடி முடிக்கிற சமாச்சாரம். தொழில்முறை சீசன் அப்படியல்ல. கோடையில் தொடங்கினால் அடுத்த ஆண்டு மே மாதம் ஷெஃபீல்டு க்ரூசிபிள் அரங்கில் உலகப் போட்டி முடியும்வரை ஓயாது. போட்டி பெய்ஜிங்கில் நடந்தாலும் பெர்லினில் நடந்தாலும் அதற்கான தகுதிச் சுற்று பெரும்பாலும் இங்கிலாந்தில் ஏதோ ஓர் ஊரில். அங்கே காலையில் தோற்றவருக்கு அன்றோடு வேலை முடிந்தது, விமானக் கட்டணம், அறை வாடகை எல்லாம் கைக்காசு. அதனால்தான் டிங் ஜுன்ஹுய் ஷெஃபீல்டிலேயே குடியிருந்தார். மும்பையிலோ பெங்களூரிலோ வீட்டை வைத்துக்கொண்டு இந்த ஓட்டத்தை ஓடுவது எவருக்கும் எளிதல்ல.

128 பேருக்கும் ஒரே கோடு

2013–14 சீசனில் இந்தச் சட்டகம் கொஞ்சம் நெகிழ்ந்தது. அதற்குப் பின்னால் இருந்தவர் பேரி ஹெர்ன். 2009–10 சீசனில் தரவரிசைப் போட்டிகள் ஆறே ஆறுதான் இருந்தன. அந்தச் சமயத்தில் விளையாட்டின் வணிக நிர்வாகத்தைக் கையில் எடுத்த ஹெர்ன், நான்கே ஆண்டில் சிறிய போட்டிகள் நீங்கலாகப் பன்னிரண்டு தரவரிசைப் போட்டிகளை நடத்திக் காட்டினார். டில்லி அந்தப் பன்னிரண்டில் ஒன்று.

இன்னொரு மாற்றமும் வந்தது. அதுவரை முதல் 16 இடங்களில் இருப்பவர்கள் நேராகப் போட்டி நடக்கும் ஊருக்குப் போய் இறங்குவார்கள். தரவரிசையில் கீழே இருப்பவர் மூன்று, நான்கு தகுதிச் சுற்றுகளை வென்றால்தான் அவர்களுடைய முகத்தையே பார்க்க முடியும். 2013–14-ல் பல போட்டிகளில் இந்தப் படிக்கட்டு எடுக்கப்பட்டது. சுற்றில் உள்ள 128 பேரும் முதல் சுற்றிலேயே களமிறங்க வேண்டும். ஒரே ஒரு தகுதி ஆட்டத்தை வென்றால் போதும், கடைசி 64 பேரில் ஒருவராக விமானம் ஏறலாம்.

மேத்தாவுக்கு இந்த ஏற்பாடு கைகொடுத்தது. அந்த ஆண்டு கொலம்பியாவின் காலி நகரில் நடந்த உலக விளையாட்டுப் போட்டியில் ஸ்னூக்கர் தங்கம் வென்ற சூடு அவரிடம் ஆறாமல் இருந்தது. டில்லியில் ஒவ்வொரு ஆட்டமும் ஏழு ஃபிரேம். நான்கு எடுத்தால் வெற்றி. ஆட்டம் இவ்வளவு குறுகியதாக இருந்தால் பெரிய வீரருக்குச் சறுக்கல் வரும், சின்ன வீரருக்கு வாய்ப்பு வரும். இரண்டு தவறான தற்காப்பு அடி, ஒரு தவறவிட்ட நீலப் பந்து, அவ்வளவில் ஆட்டம் கைமாறிவிடும்.

காலிறுதியில் மேத்தாவுக்கு எதிரே நின்றவர் பங்கஜ் அத்வானி. தரவரிசைப் போட்டி ஒன்றின் காலிறுதியில் இரண்டு இந்தியர்கள் எதிரெதிரே! அத்வானி 2012–13-ல் தொழில்முறை சுற்றில் சேர்ந்து, 2013 பிப்ரவரியில் வெல்ஷ் ஓப்பன் காலிறுதிவரை சென்றிருந்தவர். அவரை வீழ்த்தி, அரையிறுதியில் ஸ்காட்லாந்தின் ஸ்டீபன் மக்வயரையும் வென்று மேத்தா இறுதிக்குள் நுழைந்தார். மக்வயர் 2004-லேயே யுகே சாம்பியன்ஷிப் வென்றவர், பல ஆண்டுகள் முதல் வரிசையில் ஆடியவர்.

சொந்த ஊர் ரசிகர்கள், சொந்த ஊர்ச் சாப்பாடு, தூக்கம் கலைக்காத நேரக் கணக்கு. இங்கிலாந்து வீரர்கள் ஆண்டு முழுவதும் அனுபவிக்கும் இந்தச் சாதாரண வசதிகள் ஓர் இந்திய வீரருக்கு அந்த ஐந்து நாட்களில்தான் முதன்முதலாகக் கிடைத்தன. பலன் கண்ணெதிரே தெரிந்தது.

டிங்கின் ஐந்து கோப்பைகள்

இறுதியில் மேத்தா சந்தித்த ஆள்தான் கெடுவாய்ப்பு. அந்த சீசனில் டிங் ஜுன்ஹுய் மற்றவர்களுக்கு எட்டாத உயரத்தில் ஆடிக்கொண்டிருந்தார். செப்டம்பரில் ஷாங்காய் மாஸ்டர்ஸ் இறுதியில் சக சீன வீரர் ஷியாவ் குவோடாங்கை 10–6 என வென்றார். தரவரிசைப் போட்டி ஒன்றின் இறுதியில் இரண்டு சீனர்கள் மோதியது அதுவே முதல் முறை. அடுத்தது டில்லி. அதற்கடுத்து செங்டு நகரில் இன்டர்நேஷனல் சாம்பியன்ஷிப். ஹாங்காங்கின் மார்கோ ஃபூவுடன் கடைசி ஃபிரேம்வரை இழுபறி, 10–9. ஸ்டீபன் ஹெண்ட்ரிக்குப் பிறகு அடுத்தடுத்து மூன்று தரவரிசைப் பட்டங்களை வென்றவர் டிங்.

பெர்லினில் ஜெர்மன் மாஸ்டர்ஸ் இறுதியில் ஜட் டிரம்ப்பை 9–5. பெய்ஜிங்கில் சைனா ஓப்பன் இறுதியில் நீல் ராபர்ட்சனை 10–5. ஆக ஒரே சீசனில் ஐந்து தரவரிசைக் கோப்பைகள். 1990–91-ல் ஹெண்ட்ரி படைத்த சாதனை அது. 23 ஆண்டுகள் எவரும் தொடாமல் இருந்ததை டிங் சமன் செய்தார். 2019–20-ல் ஜட் டிரம்ப் ஆறு வென்றபோதுதான் அந்தக் கணக்கு முறிந்தது. சீசன் தொடங்கும்போது டிங்கிடம் வாழ்நாள் கணக்கில் ஆறு தரவரிசைப் பட்டங்கள் இருந்தன. முடியும்போது பதினொன்று.

ஆனால் க்ரூசிபிள் யாருக்கும் சலுகை தருவதில்லை. ஐந்து கோப்பைகளுடன் ஷெஃபீல்டுக்கு வந்த டிங், முதல் சுற்றிலேயே தகுதிச் சுற்றிலிருந்து வந்த மைக்கேல் வாஸ்லியிடம் 9–10 எனத் தோற்று வெளியேறினார்.

ஒரே சீசனில் இத்தனை சாதனைகளா?

டிங்கை எடுத்துவிட்டுப் பார்த்தாலும் 2013–14 ஒரு வளமான சீசன்தான். ஆஸ்திரேலியாவின் நீல் ராபர்ட்சன் வுஷி கிளாசிக்கை வென்று தொடங்கினார். டிசம்பரில் யார்க் நகரில் மார்க் செல்பியை 10–7 என வென்று யுகே சாம்பியன்ஷிப்பையும் எடுத்தார். உலகப் போட்டி, மாஸ்டர்ஸ், யுகே என்ற மூன்று பெரிய பட்டங்களையும் வென்ற முதல் பிரிட்டன் அல்லாத வீரர் ஆனார். அதைவிடப் பெரிய காரியம் ஒன்றும் செய்தார். ஒரே சீசனில் 103 சென்சுரி பிரேக். ஒரே வீரர் ஒரு சீசனில் நூறு சென்சுரி அடிப்பது அதற்கு முன் நடந்ததில்லை. நூறாவது சென்சுரி வந்தது க்ரூசிபிளில், டிரம்ப்புக்கு எதிரான காலிறுதியில். அந்த 103-ஐத் தாண்ட 2024–25 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தாண்டியவரும் டிரம்ப்தான், 107.

ரோனி ஓ'சல்லிவன் அந்த ஆண்டு குறைவாக ஆடினார், ஆடியதை நிறைவாக ஆடினார். ஜனவரியில் மாஸ்டர்ஸ் காலிறுதியில் ரிக்கி வால்டனை 6–0 என வென்றபோது, எதிராளி ஒரு புள்ளிகூட எடுக்காத நிலையில் தொடர்ந்து 556 புள்ளிகள் சேர்த்தார். இறுதியில் செல்பியை 10–4 என வீழ்த்தினார்.

மார்ச் 2 அன்று நியூபோர்ட்டில் வெல்ஷ் ஓப்பன் இறுதி. எதிரே டிங். 8–3 என்று முன்னிலை பெற்ற ஓ'சல்லிவனுக்கு இன்னும் ஒரு ஃபிரேம் தேவை. அந்த ஃபிரேமை எப்படி வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். அவர் எடுத்துக்கொண்டது மிகக் கடினமான வழி. ஒரு சிவப்பு, உடனே கறுப்பு. மறுபடி ஒரு சிவப்பு, மறுபடி கறுப்பு. பதினைந்து சிவப்புக்கும் பதினைந்து முறை கறுப்பு என்றால் 120. ஒவ்வொரு முறை கறுப்பு உள்ளே விழும்போதும் வெள்ளைப் பந்து அடுத்த சிவப்புக்கு ஒத்துவரும் இடத்தில் வந்து நிற்க வேண்டும். விரற்கடை தவறினால் கறுப்பு கைநழுவும், அடுத்து நீலத்தையோ இளஞ்சிவப்பையோ போட வேண்டியதுதான், முழு எண் போய்விடும். கடைசியில் மஞ்சள் முதல் கறுப்புவரை ஆறு வண்ணப் பந்துகளும் வரிசையாக, அதற்கு 27. கூட்டினால் 147. போட்டியின் கடைசி அடியில் கோப்பையும் வந்தது, முழு எண்ணும் வந்தது. அது அவருடைய 12-ஆவது 147. ஹெண்ட்ரியின் பதினொன்றை அன்றுதான் கடந்தார்.

சீசனின் கடைசிச் சொல் செல்பியுடையது. யார்க்கிலும் மாஸ்டர்ஸிலும் தோற்றவர், ஹைக்கோ நகரில் வேர்ல்டு ஓப்பன் இறுதியில் ஷான் மர்ஃபியிடமும் 6–10 எனத் தோற்றவர். மே 5 அன்று முடிந்த உலகப் போட்டி இறுதியில் ஓ'சல்லிவனிடம் 5–10 என்று பின்தங்கியிருந்த இடத்திலிருந்து எழுந்து 18–14 என வென்றார். அவருடைய முதல் உலகப் பட்டம் அது.

ஐந்து ஊர்கள்

டில்லிக்குப் பிறகு இந்தியன் ஓப்பன் ஊர் ஊராக நகர்ந்தது. 2015 மார்ச்சில் மும்பை. வேல்ஸின் மைக்கேல் ஒயிட், ரிக்கி வால்டனை 5–0 என வென்றார். 2016 ஜூலையில் ஹைதராபாத். கிளாஸ்கோவின் ஆன்டனி மக்கில், கைரன் வில்சனை 5–2 என வென்றார். 2017 செப்டம்பரில் விசாகப்பட்டினம். 2019 மார்ச்சில் கொச்சி. அங்கே மேத்யூ செல்ட், சீனாவின் லியூ ஹாவ்தியனை 5–3 என வீழ்த்தினார்.

விசாகப்பட்டினப் போட்டி ஆந்திர மண்ணில் நடந்தது. கடற்கரைச் சாலையில் நோவோடெல் ஹோட்டலில் மேசைகள் போடப்பட்டன. கடலோர ஊரில் ஸ்னூக்கர் நடத்துவது லேசான வேலை அல்ல. மேசையின் அடியில் இருப்பது கனத்த ஸ்லேட் கல், மேலே விரித்திருப்பது கம்பளித் துணி. காற்றில் ஈரம் ஏறினால் துணி கனத்துவிடும். பந்து மெல்ல உருளும், குஷனில் பட்டுத் திரும்பும் கோணமும் மாறும். அதனால்தான் தொழில்முறை மேசைகளில் ஸ்லேட்டுக்கு அடியில் சூடேற்றும் கருவி வைத்துத் துணியை உலர்வாக வைத்திருப்பார்கள். ஒவ்வொரு நாளும் துணியை ஒரே திசையில் துலக்கி, இஸ்திரி போட்டு, கோடு சரிபார்த்த பிறகே ஆட்டம் தொடங்கும்.

அங்கே இறுதியில் மோதியவர்கள் இரண்டு ஸ்காட்லாந்துக்காரர்கள். முந்தைய ஆண்டு ஹைதராபாத்தில் வென்ற மக்கில் ஒருவர். நான்கு முறை உலக சாம்பியனான ஜான் ஹிக்கின்ஸ் மற்றவர். ஹிக்கின்ஸ் 5–1 என வென்றார். அவருக்கு அது 29-ஆவது தரவரிசைப் பட்டம்.

ஐந்து வெற்றியாளர்களின் பெயரையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். ஒயிட், மக்கில், செல்ட் ஆகிய மூவருக்கும் அவர்கள் வாழ்க்கையின் முதல் தரவரிசைப் பட்டம் இந்தியாவில்தான் கிடைத்தது. குறுகிய ஆட்டம், புதிய ஊர், திறந்த வாய்ப்பு. வெளிநாட்டு வீரர்கள் அதை அள்ளிக்கொண்டார்கள். டில்லிக்குப் பின் நடந்த நான்கு போட்டிகளில் எந்த இந்தியரும் இறுதிக்கு வரவில்லை.

அதற்குள் நம்மவர்களின் வழி மாறியிருந்தது. அத்வானி 2014-ல் தொழில்முறை சுற்றை விட்டு விலகி, ஊரோடு இருந்து ஆட முடிவெடுத்தார். பிறகு 2015-லும் 2017-லும் உலக அமெச்சூர் ஸ்னூக்கர் பட்டங்களை வென்றார். மேத்தா 2014 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஃபுர்த் நகரில், பால் ஹன்டர் கிளாசிக் போட்டியில் 147 அடித்தார். தொழில்முறைப் போட்டியில் அதைச் செய்த முதல் இந்தியர் அவர்தான். 2016-ல் அவரும் சுற்றிலிருந்து வெளியேறினார்.

சீனா செய்தது என்ன?

2005-ல் பெய்ஜிங்கில் சைனா ஓப்பன் இறுதியில் 18 வயது டிங், ஹெண்ட்ரியை வென்றார். அந்த ஒரு வெற்றியை வைத்து சீனா போட்டிகளைப் பெருக்கிக்கொண்டே போனது. 2013–14-ல் வுஷி, ஷாங்காய், செங்டு, ஹைக்கோ, பெய்ஜிங் என்று ஐந்து தரவரிசைப் போட்டிகள் அந்த நாட்டில் நடந்தன. இந்தியாவில் ஒன்று. 2014 நவம்பரில் பெங்களூரில் நடந்த உலக அமெச்சூர் ஸ்னூக்கர் போட்டியை 14 வயது யான் பிங்டாவ் என்ற சீனச் சிறுவன் வென்றபோதே வித்தியாசம் நம் வாசலுக்கு வந்துவிட்டது. 2025-ல் ஜாவோ ஷின்டாங், மார்க் வில்லியம்ஸை 18–12 என வென்று உலகப் பட்டம் பெற்ற முதல் சீனர் ஆனார்.

சீனாவுக்கு அந்த வரிசையைக் கொடுத்தது ஒரு டிங் மட்டும் அல்ல. வீட்டுக்குப் பக்கத்திலேயே ஆண்டுக்கு ஐந்து முறை உலகின் முன்னணி வீரர்கள் வந்து ஆடியதும்தான். இந்தியாவுக்கும் 2013-ல் ஒரு மேத்தா கிடைத்தார். அவருக்குப் பின்னால் வரவேண்டிய போட்டிகள் வரவில்லை. டில்லிக்கும் மும்பைக்கும் நடுவே பதினேழு மாதம், விசாகப்பட்டினத்துக்கும் கொச்சிக்கும் நடுவே பதினேழு மாதம் என்று விட்டு விட்டு நடந்த போட்டி, கொச்சியோடு நின்றது. 2019–20 சீசன் இந்தியன் ஓப்பன் இல்லாமலே கழிந்தது.

சென்னையிலிருந்து சித்தூர், பங்காருபாளையம், பலமநேர் வழியாகப் பெங்களூருக்குப் போகும் பழைய நெடுஞ்சாலையின் இரு முனைகளிலும் இந்த ஆட்டத்துக்குப் பெரிய பெயர்கள் உண்டு. மேற்கு முனையில் அத்வானியை வளர்த்த கர்நாடக மாநில பில்லியர்ட்ஸ் சங்கம். கிழக்கு முனையில், 2025 நவம்பரில் தோஹாவில் ஹாங்காங்கின் இங் ஆன்-யீயை வென்று பெண்களுக்கான உலக அமெச்சூர் ஸ்னூக்கர் பட்டம் பெற்ற சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரன். இடையிலுள்ள மாவட்டங்களில் கியூ பிடிக்க ஆசைப்படும் பிள்ளைகள் இருக்கமாட்டார்களா? அவர்கள் ஒரு பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வரும் தூரத்தில் உலகத் தரமான போட்டி நடக்க வேண்டும்.

விசாகப்பட்டினத்தையும் ஹைதராபாத்தையும் கொச்சியையும் நடத்திக் காட்டிய நாட்டுக்கு இடம் பஞ்சமில்லை, ஆள் பஞ்சமில்லை. மாநில அரசுகளும் பெரிய நிறுவனங்களும் கிரிக்கெட்டுக்குக் கொடுப்பதில் ஒரு சிறு பங்கை ஒதுக்கினால் இந்தியன் ஓப்பன் திரும்ப வரும். அது ஆண்டுதோறும், ஒரே மாதத்தில், தவறாமல் நடக்க வேண்டும். ஒரு வாரப் போட்டி ஒரு மேத்தாவைக் கொடுத்தது. தொடர்ந்து பத்து ஆண்டு நடத்தினால் என்ன கிடைக்கும் என்பதைச் சம்பந்தப்பட்டவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

அடுத்த பகுதியில்: 2017-ல் சிங்கப்பூரில் நடந்த பெண்கள் உலகப் போட்டி இறுதியில் 5–6 என்று ஒரே ஃபிரேமில் பட்டத்தைத் தவறவிட்ட வித்யா பிள்ளையும், அவருக்குப் பின் வந்த பெண்களும்.

(தொடரும்)